அசையாத மூன்றில் இரண்டு

1990 வாக்கில் உலகில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் ஏறத்தாழ 88 கோடிப் பேர். யுனெஸ்கோ இப்போது சொல்லும் கணக்கு 74 கோடியை ஒட்டி நிற்கிறது. இதற்கிடையே உலக மக்கள்தொகை 530 கோடியிலிருந்து 800 கோடிக்கு மேல் போயிருப்பதால் இந்தக் குறைவைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே கணக்கில் இன்னோர் எண் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுத்தறிவு இல்லாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

இது புதிராகவே படும். ஏனென்றால் 15 முதல் 24 வயது வரையிலானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண், பெண் வேறுபாடு உலக அளவில் ஓரிரு புள்ளிகளுக்குள் சுருங்கிவிட்டது. பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்; பல நாடுகளில் பையன்களை முந்தியும் விட்டார்கள். அப்படியிருந்தும் அந்த மூன்றில் இரண்டு ஏன் கரையவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், பள்ளி வயதை எப்போதோ தாண்டிவிட்ட நாற்பது, ஐம்பது, எழுபது வயதுப் பெண்களின் வாசலில் போய் நிற்போம். ஆண்களைவிடக் கூடுதலாக வாழும் அவர்கள், படிப்பு மறுக்கப்பட்ட காலத்தைத் தங்களோடு சுமந்துகொண்டு இந்த நூற்றாண்டுக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் தொடங்கிய வேலையைப் பெரும்பாலான நாடுகள் பாதியில் விட்டுவிட்டன என்பதுதான் என் வாதம்.

முதலில் வட்டாரங்களைப் பார்த்துவிடலாம். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் ஆண்களில் நான்கில் மூவருக்கும் பெண்களில் ஐந்தில் மூவருக்கும் எழுத்தறிவு இருக்கிறது. தெற்காசியாவில் இரு பாலாரின் விகிதமும் அதைவிடச் சற்று உயரம். இடையிலுள்ள அகலம் மட்டும் கிட்டத்தட்ட அதேதான். வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இடைவெளி 10 புள்ளியை ஒட்டியது. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் இரண்டு மூன்று புள்ளி. லத்தீன் அமெரிக்காவில் இடைவெளி என்று சொல்ல ஏதுமில்லை. ஆனால் குவாத்தமாலாவின் மாயா பெண்களையும் பொலிவியா, பெருவின் கெச்சுவா பெண்களையும் தனியே பார்த்தால் அந்தச் சமநிலை மறைந்துவிடும்.

சராசரி எதையெல்லாம் மூடிவைக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவே சாட்சி. சாட் நாட்டில் ஐந்து பெண்களில் நான்கு பேருக்கு எழுத்து தெரியாது. அதே கண்டத்தின் தெற்கில், மலைநாடான லெசோத்தோவில், பெண்கள் ஆண்களைவிட 15 புள்ளி அளவுக்கு முன்னால் இருக்கிறார்கள். அங்கே ஆறேழு வயதுப் பையனை மாடு, ஆடு மேய்க்க மலைக்கு அனுப்பிவிடுவது வழக்கம். வளர்ந்த பிறகு அவன் போனது தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்கு; அந்த வேலைக்குப் படிப்பு தேவைப்படவில்லை. பெண் பிள்ளைகள் வீட்டருகே இருந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள். மங்கோலியாவிலும் இதே கதைதான். 1990க்குப் பிறகு கூட்டுப் பண்ணைகள் கலைந்து கால்நடைகள் குடும்பங்களின் கைக்கு வந்ததும், மந்தையைப் பார்க்கப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் பையன்கள். ஒரு குடும்பத்துக்கு யாருடைய கை எந்த வயதில் தேவைப்படுகிறதோ அந்தப் பிள்ளைதான் படிப்பை இழக்கிறது. பெரும்பாலான நாடுகளில் அந்தக் கை பெண்ணுடையது. தண்ணீர் எடுக்க, விறகு பொறுக்க, தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள, அம்மா வயலுக்குப் போனால் உலை வைக்க அவள்தான் வேண்டும்.

வேலையோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. 1830களில் வங்காளத்தின் நாட்டுப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதிய வில்லியம் ஆடம், எழுதப் படிக்கக் கற்ற பெண் கல்யாணமான கையோடு விதவையாகிவிடுவாள் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அதே மண்ணில் ராசசுந்தரி தேவி என்ற பெண் ஏட்டிலிருந்து ஒரு தாளை உருவி, சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டுத் தானாகவே எழுத்துக் கூட்டப் பழகினார். பின்னாளில் தன் வாழ்க்கையையும் எழுதினார். வங்க மொழியின் முதல் தன்வரலாறு அதுதான். 1880இல் பிறந்த ரொக்கையா வீடு உறங்கிய பிறகு அண்ணனிடம் பாடம் கேட்டார். 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கினார். இவர்களெல்லாம் விதிவிலக்குகள். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இந்தியப் பெண்களின் எழுத்தறிவு ஒரு சதவீதம்கூட இல்லை. ஆண்கள் 10 சதவீதத்தை நெருங்கியிருந்தார்கள்.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் பேச வேண்டும். இந்தியக் குடிமதிப்பில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிந்தால் எழுத்தறிவு உள்ளவர். யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கணக்கெடுப்பாளர், பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். வீட்டில் யார் முன்னால் வந்து உட்காருகிறாரோ அவர் எல்லாருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்கிறார். அடுப்படியில் நிற்கும் மாமியாருக்குப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு மகன் சொல்வதுதான் பதில். பேர் எழுதத் தெரிந்தாலே ‘தெரியும்’ என்று சொல்லிவிடும் வீடுகளும் உண்டு. எழுத்துக் கூட்டிப் பேருந்துப் பலகை படிக்கிற பெண்ணை ‘அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க’ என்று தள்ளிவிடும் வீடுகளும் உண்டு.

தேசியக் குடும்பநல ஆய்வு போன்ற கணக்கெடுப்புகள் இதைவிட நேர்மையானவை. குறைவாகப் படித்தவர் கையில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதில் அவர் மொழியில் சின்னதாக ஒரு வாக்கியம். முழுதாகப் படித்தாரா, பாதி படித்தாரா, முடியவில்லையா என்று குறித்துக்கொள்வார்கள். ஆப்பிரிக்க நாடுகளிலும் இதே முறைதான். ஆனால் பெண்களில் 15 முதல் 49 வயது வரையிலானவர்களின் கைக்குத்தான் இந்த அட்டை போகிறது, ஏனென்றால் அந்த ஆய்வின் கண் பிள்ளைப்பேற்று வயதின் மேல் இருக்கிறது. ஐம்பதைத் தொட்ட பெண்ணிடம் அட்டையை நீட்ட யாரும் வருவதில்லை. இடைவெளி மிக அகலமாக இருக்கும் வயதுக்கு வரும்போது அளவுகோலே கீழே வைக்கப்பட்டுவிடுகிறது.

பழைய ஐரோப்பாவைப் பற்றிய கணக்குகளுக்கும் இப்படி ஒரு கோணல் உண்டு. 1841இல் இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டில் மணமகன்களில் 67 சதவீதமும் மணமகள்களில் 51 சதவீதமும் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் ஒரு குறி இட்டார்கள். 1900ஐ நெருங்கும்போது இரு பாலாரும் கிட்டத்தட்ட எல்லாருமே கையெழுத்திட்டார்கள். 16 புள்ளி இடைவெளி மூடப் பிடித்தது அறுபது ஆண்டு. ஆனால் கையெழுத்தை வைத்து ஸ்வீடனை அளந்தால் ஏமாந்துபோவோம். 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் வீட்டு வேலையாள் வரை எல்லாரும் வேதம் படிக்கக் கற்க வேண்டும் என்றது. பாதிரியார் வீடு வீடாக வருவார். குடும்பத்தை ஒன்றுகூட்டிப் படிக்கச் சொல்வார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே ஏட்டில் மதிப்பெண் போடுவார். படிப்பதில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வந்தார்கள். எழுதுவதை யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் கற்றுத்தரவில்லை. வாசிப்பில் சமமான அந்தப் பெண்கள் கையெழுத்துக் கணக்கில் தற்குறிகளாக நிற்பார்கள். பள்ளிக்கூடமே அதிகம் இல்லாத ஒரு நாட்டில், அடுப்படியில் அம்மாமார் சொல்லிக்கொடுத்து வந்த எழுத்தறிவு அது. இந்த ஆய்வுப் பரப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான்.

இனி இந்தியாவின் கணக்கு. 1951இல் ஆண்கள் 27.16, பெண்கள் 8.86 சதவீதம், இடைவெளி 18.3 புள்ளி. சுதந்திரம் வந்து பள்ளிகள் பெருகினால் இது சுருங்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? 1961இல் 25 ஆயிற்று. 1981இல் ஆண்கள் 56.38, பெண்கள் 29.76; இடைவெளி 26.6. அதன் பிறகுதான் இறக்கம். 2011இல் ஆண்கள் 80.9, பெண்கள் 64.6, இடைவெளி 16.3. (1971 வரை ஐந்து வயதுக்கு மேற்பட்டோர், 1981 முதல் ஏழு வயதுக்கு மேற்பட்டோர் என்று அடிப்படை மாறியிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.) அறுபது ஆண்டுக்குப் பிறகும் புள்ளிக் கணக்கில் இடைவெளி 1951ஐவிட இரண்டே புள்ளிதான் குறைவு. விகிதமாகப் பார்த்தால் படம் வேறு: 1951இல் எழுத்தறிவு பெற்ற மூன்று ஆணுக்கு ஒரு பெண், 1981இல் இரண்டுக்கு ஒன்று, 2011இல் ஐந்துக்கு நான்கு. இரண்டு கணக்கும் உண்மை. புதிதாக ஒரு பள்ளி வந்தால் முதலில் உள்ளே போகிறவன் மகன். அவன் பத்தாண்டு படித்து முடிக்கும்போதுதான் மகளுக்கு இடம் கிடைக்கிறது. அதனால்தான் இடைவெளி மூடுவதற்கு முன் அகலமாகிறது. இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகள் அந்த அகலமான கட்டத்தைக் கடந்துகொண்டிருக்கின்றன.

மாநிலங்களுக்கிடையே வேறுபாடு நாடுகளுக்கிடையே உள்ளதைப் போன்றது. 2011இல் ராஜஸ்தானில் ஆண்கள் 79, பெண்கள் 52. கேரளத்தில் 96, 92. தமிழ்நாட்டில் 87, 73. பெண்வழிச் சொத்துரிமை உள்ள மேகாலயத்தில் மொத்த எழுத்தறிவு தமிழ்நாட்டைவிடக் குறைவு. இடைவெளி மூன்றே புள்ளி. பக்கத்து நாடான பாகிஸ்தானில் 2023 குடிமதிப்பின்படி ஆண்கள் 68, பெண்கள் 53. இலங்கை வெகுகாலம் முன்பே இந்தக் கரையைத் தாண்டிவிட்டது: 1824இலேயே யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது, 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது, 2012இல் ஆண்கள் 96.9, பெண்கள் 94.6. மலையகத் தோட்டங்களின் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது 1970களில்தான் என்பதால், அங்கே கொழுந்து பறித்து ஓய்ந்த மூத்த தமிழ்ப் பெண்களுக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

சிறுமிகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவது எப்படி என்று இப்போது நன்றாகவே தெரியும். பள்ளி பக்கத்தில் இருக்க வேண்டும், ஆசிரியை இருக்க வேண்டும், கழிப்பறை இருக்க வேண்டும், வீட்டுக்குக் கொஞ்சம் பணமோ சோறோ வர வேண்டும். வங்கதேசம் 1994இல் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு நாடு முழுதும் உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை, வருகையும் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இன்று அங்கே இளம்பெண்களின் எழுத்தறிவு இளைஞர்களைவிட அதிகம். தமிழ்நாட்டில் 1956இல் தொடங்கி 1982இல் விரிந்த மதிய உணவு, படித்த பெண்களுக்கான 1989இன் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பிறகு இலவச சைக்கிள். பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும், மாணவிகள் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்ததையும் அந்த நிலையில் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் கண்டார்கள். ஓமனில் 1970இல் மூன்றே பள்ளிகள், 900 பேர் அளவில் மாணவர்கள், எல்லாரும் பையன்கள். ஒரு தலைமுறைக்குள் அந்நாட்டுப் பெண்கள் பல்கலைக்கழகம் வரை வந்துவிட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பீசா தேர்வில் 2018இல் கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் பெண்களே முன்னால்.

ஆனால் இவை எதுவும் அந்தப் பிள்ளைகளின் அம்மாவையும் ஆத்தாவையும் தொடவில்லை.

இதற்குக் காரணம் நாம் பெண் கல்விக்காக வாதாடிய விதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல் நைஜீரியாவில் செய்து 1979இல் வெளியிட்ட ஆய்வு, தாயின் படிப்பு குழந்தை இறப்பைக் குறைப்பதை எடுத்துக்காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் அதே வாதம்: படித்த பெண் குறைவாகப் பெறுவாள், தடுப்பூசி போடுவாள், பிள்ளையைப் படிக்கவைப்பாள். அத்தனையும் உண்மை. அரசுகளின் கையிலிருந்து பணத்தை வரவழைத்ததும் அந்த வாதம்தான். ஆனால் பெண்ணின் எழுத்தைப் பிள்ளையின் பெயரால் மட்டுமே கேட்டுப் பழகினால், பிள்ளைப்பேறு முடிந்தவளுக்கு எழுத்து எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது. அவளுக்குத் தன் பொருட்டு அது வேண்டும். ரேஷன் கடையில் போட்ட பில்லைப் பார்க்க வேண்டும், மாத்திரை அட்டையில் காலை எது இரவு எது என்று தெரிய வேண்டும், நகைக்கடன் காகிதத்தில் வட்டி எவ்வளவு என்று பார்க்க வேண்டும், கும்பகோணம் வண்டியா தஞ்சாவூர் வண்டியா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்காமல் ஏற வேண்டும். வங்கியில் ‘செலான் கொஞ்சம் எழுதிக் குடுங்க தம்பி’ என்று ஆள் தேடி நிற்கும் அம்மா, தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் அந்தத் தம்பியிடம் சேர்த்தே ஒப்படைக்கிறாள்.

பெரியவர்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்ற சந்தேகத்துக்கு வரலாறு பலமுறை விடை சொல்லியிருக்கிறது. கியூபா 1961இல் ஒரு லட்சம் இளைஞர்களை, அதில் பாதிக்கு மேல் பெண்களை, கிராமங்களுக்கு அனுப்பி ஓராண்டுக்குள் ஏழு லட்சம் பேருக்கு எழுத்துக் கற்பித்தது. மொராக்கோவில் 1960இல் நூற்றுக்கு 96 பெண்களுக்கு எழுத்து தெரியாது. 2000இல் அந்நாட்டு அரசு பள்ளிவாசல்களிலேயே வகுப்புகள் தொடங்கியது. வெளியே அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவளைத் தடுக்கவில்லை, வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 குடிமதிப்பில் எழுத்து தெரியாத பெண்கள் 32.4 சதவீதம். பாதை இன்னும் நீளம்தான், ஆனால் தூரம் கடந்திருக்கிறார்கள்.

நமக்கு அருகில் புதுக்கோட்டை இருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக்கு வந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊதியமில்லாத தொண்டர்கள் வேலை முடிந்த மாலைகளில் ஊர் ஊராக வகுப்பு நடத்தினார்கள். வந்தவர்கள் விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்ததுதான் அந்த மாவட்டத்தின் கண்டுபிடிப்பு. இறங்கு வெயிலில் மைதானத்தில் ஒருத்தி ஓட்ட, இன்னொருத்தி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவர, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். ஏளனப் பேச்சும் ஆபாசப் பேச்சும் நிறையவே கேட்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். சைக்கிள் இருந்ததால் வகுப்புக்கும் வர முடிந்தது, விளைபொருளை விற்கவும் போக முடிந்தது, யாருக்காகவும் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. பிற்பாடு அதே மாவட்டத்தில் ஆய்வு செய்த பிரான்சிஸ் கோடி, தலித் பெண்கள் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் கைநாட்டு வைக்காமல் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பிறகு என்ன ஆயிற்று? இயக்கத்துக்குக் காலக்கெடு இருந்தது. நிதி நின்றது, தொண்டர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், தொடர்கல்வி மையங்கள் பூட்டப்பட்டன. படிக்க எதுவும் கைக்கு வராவிட்டால், நாற்பது வயதில் கற்ற எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும். 2009இல் வந்த சாக்ஷர் பாரத் திட்டம் 7 கோடிப் பேரை இலக்காக வைத்து, அதில் 6 கோடிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சரியாகவே சொன்னது. 2018 மார்ச்சில் அது முடிந்தது. அதைப் போன்ற பெரிய தேசியத் திட்டம் மீண்டும் 2022இல்தான் தொடங்கியது. ஐந்து ஆண்டில் 5 கோடிப் பேர் இலக்கு, ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். ஒருவருக்கு 208 ரூபாய். பாடநூல், பயிற்சி, தேர்வு, கண்காணிப்பு எல்லாம் அதற்குள். கற்பிப்பவருக்குச் சம்பளம் இல்லை. அந்த வயதில் முதல் தேவையான வெள்ளெழுத்துக் கண்ணாடியைக்கூட இந்தத் தொகையில் வாங்கித்தருவது கஷ்டம்.

கற்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்குக் கார்த்தியாயனி அம்மாவின் பெயரைச் சொல்வேன். கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் கோயில்களைப் பெருக்கிக் கூட்டிப் பிழைத்தவர். 2018இல், 96 வயதில், மாநில எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார்.

இவ்வளவுக்கும் நடுவே ஓர் அரசு வேண்டுமென்றே எதிர்த்திசையில் போகிறது. ஆப்கானிஸ்தானில் 2021இல் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எழுத்து தெரிந்திருந்தது; பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தாலிபான்கள் உயர்நிலைப் பள்ளிகளைப் பையன்களுக்கு மட்டும் திறந்தார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு மூடப்பட்டது. ஆறாம் வகுப்போடு நிறுத்தப்படும் அந்தச் சிறுமிகள் கணக்கில் எழுத்தறிந்தவர்களாகவே வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியைகள் உருவாகப்போவதில்லை. ஆண் ஆசிரியர் இருந்தால் மகளை அனுப்பாத ஊர்களில் அதன் விளைவு என்ன என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 2011க்குப் பிறகு தள்ளிப்போய்க்கொண்டே இருந்த குடிமதிப்பு 2027இல் நடக்க இருக்கிறது. முடிவுகள் வந்ததும் நாளிதழ்களில் ஒற்றை எண்ணாகப் பெண்களின் எழுத்தறிவு விகிதம் தலைப்பாகும். அது கூடியிருக்கும், ஏனென்றால் பள்ளிக்குப் போன சிறுமிகள் வளர்ந்திருக்கிறார்கள், போகாத மூதாட்டிகள் இறந்திருக்கிறார்கள். வயதுவாரி அட்டவணை பல மாதம் கழித்து, தலைப்பில்லாமல் வெளிவரும். அதில் 40க்கு மேற்பட்ட பெண்களின் வரிசையை எடுத்து, 2011இல் பதினாறு வயது குறைவாக இருந்த அதே தலைமுறைப் பெண்களின் எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் யாராவது அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களா என்பது அந்த இரண்டு வரிசைகளின் வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.